மெழுகிய குழி

ரோசா இருக்கிறாளா, இல்லையா, அவளைப் பற்றி இந்தத் தொடர்கதையில் ஒரு வரியாவது எழுதக் கூடாதா என்று இந்த வாரம் மட்டும் ஒரு கட்டுக் கடிதம் வந்து சேர்ந்தது. எழுதியவர்களுக்கெல்லாம் ஒரு பெரிய கும்பிடு. ஒரு கதைப் பெண்ணை இப்படித் தேட ஆள் இருக்கிறது என்பதே எழுதுகிறவனுக்குத் தெம்பு. ரோசா இருக்கிறாள். பிரான்சில், துலோன் என்ற துறைமுக ஊரில், ஒரு சொல்தாவின், அதாவது பிரெஞ்சுப் பட்டாளக்காரனின் மனைவியாக, மூன்று வயதுப் பிள்ளைக்குத் தாயாக நன்றாகவே இருக்கிறாள். அவளைப் பெற்ற ஆனந்தமேரிக்கே இது போன வாரம்தான் தெரிந்தது.

துலோனில் குடியிருக்கிற, லீவில் ஊருக்கு வந்திருந்த காரைக்கால்காரி கமலவேணி, சம்பா கோயில் என்ற மாதா கோயிலுக்குப் பக்கத்திலிருக்கும் ஆனந்தமேரியின் வீட்டுக்கு வந்து சொல்லிவிட்டுப் போனாள். கூடவே இன்னொன்றும் சொன்னாள். ரோசா குடியிருக்கும் கட்டடத்தின் கீழே ஒரு காப்பிக் கடை. அந்தக் கடையில் டெலிவிஷன் பெட்டி இருக்கிறது. சாயங்காலமானால் ரோசா பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு அதன் எதிரே போய் நின்றுவிடுகிறாளாம்.

ஆனந்தமேரி விலாசம் கேட்க வாயெடுத்தாள். அதற்குள் புருஷன் அருளானந்தம் வீட்டுக்குள் நுழைந்துவிட்டார். பேச்சு அதோடு நின்றது. மறுநாள் கமலவேணி காரைக்காலுக்குப் பஸ் ஏறிவிட்டாள்.

அருளானந்தத்தை வாசகர்களுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. புதிதாகப் படிக்கிறவர்களுக்காக: ஐம்பத்தெட்டு வயது. பிரெஞ்சு சர்க்கார் காலத்தில் மராமத்து இலாகாவில் கொத்தனார்களை மேய்த்தவர். தான் பார்த்த மாப்பிள்ளையை வேண்டாம் என்று சொல்லிவிட்டு மகள் ஒரு சொல்தாவைக் கட்டிக்கொண்டு கப்பலேறிய அன்று, ஊரே கடற்கரையில் நின்றபோது இவர் மட்டும் போகவில்லை. ஐந்து வருஷமாக அந்த வீட்டில் ரோசா என்ற பெயரை யாரும் உச்சரித்ததில்லை.

இப்போது அவர் அரியாங்குப்பம் ஆற்றங்கரையில், பூமிக்கடியில் புதைந்து கிடக்கும் பழைய ஊரைத் தோண்டிப் பார்க்கும் இடத்தில் மேஸ்திரி. அதைப் படம் பிடித்து டெலிவிஷனில் காட்ட பாரீசிலிருந்து மூன்று பேர் வந்திருக்கிறார்கள். அவர்களுக்கு மொழிபெயர்ப்பாளன் மகன் யூஜின். மத்தியானச் சாப்பாடு ஆனந்தமேரியின் பொறுப்பு. ஆக, குடும்பமே அந்தக் குழியைச் சுற்றித்தான் கிடந்தது.

ஆனந்தமேரிக்கு ஒரே ஆசை. படத்தில் அருளானந்தத்தின் முகம் வர வேண்டும். அந்தக் காப்பிக் கடைப் பெட்டியில் ரோசா அப்பாவைப் பார்த்துவிட வேண்டும். அவ்வளவுதான்.

அருளானந்தமோ, "கைய மட்டும் எடுத்துக்கட்டும். மூஞ்சியெல்லாம் வேணாம்" என்று சொல்லிவிட்டார்.

அன்று படப்பிடிப்பின் கடைசி நாள்.

* * *

ஜீப்பில் முன் இருக்கையில் அருளானந்தம், மடியில் இரண்டு காது வைத்த மண் ஜாடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஞானஸ்நானத்துக்குப் பிள்ளையைக் கொண்டுபோகிறவர் போல அவ்வளவு பதவிசு. ரோமாபுரியிலிருந்து திராட்சை ரசம் கொண்டுவந்த ஜாடி என்று குழிக்குத் தலைவியான மதாம் பெர்த்தோ சொல்லியிருந்தாள். அது அருளானந்தத்தின் கொத்துக் கரணையில்தான் தட்டுப்பட்டது. ஆனால் அந்த நாளில் கேமராப் பெட்டிகள் மெட்ராஸ் துறைமுகத்திலேயே மாட்டிக்கொண்டிருந்தன. அதனால் இன்றைக்கு ஜாடியைப் பழைய இடத்தில் பதித்து வைத்து, இவர் மறுபடி கண்டுபிடிக்க வேண்டும்.

"எடுத்தத திரும்ப வச்சி, திரும்ப எடுக்கறதாம். நான் இன்னா கூத்தாடியா?" என்றார் அவர், யாரையும் பார்க்காமல்.

"எல்லா டெலிவிஷன்லயும் அப்படித்தாம்ப்பா எடுக்கறாங்க" என்றான் யூஜின்.

"நீ எத்தினி டெலிவிஷன் பாத்த?"

புதுச்சேரியில் ஒருவரும் ஒரு டெலிவிஷனையும் பார்த்ததில்லை. டைரக்டர் முசே ருவேல் எடுக்கும் இந்தப் படமும் ஊருக்கு வரப்போவதில்லை. வேலைக்கு வரும் பெண்கள் இதை நம்பவே மாட்டோம் என்றார்கள். நம்மை எடுத்த படத்தை நாம் பார்க்க முடியாது, எங்கோ கடலுக்கு அப்பால் இருக்கிறவன் தன் வீட்டில் உட்கார்ந்து பார்ப்பான் என்றால் யார்தான் நம்புவார்கள்?

பின் இருக்கையில் சோற்றுக் குண்டானுக்கும் மீன் குழம்புச் சட்டிக்கும் நடுவில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்த ஆனந்தமேரி, புருஷனின் பின்கழுத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள். காலையில் எழுந்ததும் அவருக்குச் சலவைச் சட்டை எடுத்து வைத்திருந்தாள். அவர் அதைத் தள்ளிவிட்டு, மண் படிந்த பழைய சட்டையையே மாட்டிக்கொண்டு வந்துவிட்டார். கைக்கு எந்தச் சட்டையாக இருந்தால் என்ன!

* * *

தென்னந்தோப்பைத் தாண்டியதுமே சாணி வாசனை வந்தது.

காவல்காரன் கன்னியப்பன் துவைத்த வேட்டியும் விபூதிப் பட்டையுமாக எதிரே ஓடிவந்தான். அவனுக்குப் பின்னால் காக்காயந்தோப்புப் பெண்கள் நான்கு பேரும் வரிசையாக நின்றிருந்தார்கள். மண்கூடை சுமக்கிற பெண்கள் கூறைப் புடவை கட்டி, தலை நிறையப் பூ வைத்து, கழுத்தில் இருந்ததையெல்லாம் போட்டுக்கொண்டு நின்றார்கள். முன்னால் நின்ற அஞ்சலாட்சியின் முகத்தில் கல்யாண வீட்டுக்காரியின் களை.

"வாங்க, வாங்க. எல்லாம் ரெடியா இருக்குது. வந்து பாருங்க" என்றாள்.

போய்ப் பார்த்தார்கள்.

குழி மெழுகப்பட்டிருந்தது. அடியிலிருந்து மேல்விளிம்பு வரை நான்கு பக்கச் சுவரும் சாணிப்பாலால் வழவழவென்று பச்சையாகப் பூசப்பட்டிருந்தது. அதற்குமேல் செம்மண் பட்டை அடித்திருந்தது. அடித்தரையில் ஓர் அங்குலம் விடாமல் பெரிய புள்ளிக் கோலம். பொங்கல் முடிந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. மிச்சமிருந்த கோலமாவையெல்லாம் ஊரில் சேகரித்துக் கொண்டுவந்திருந்தார்கள்.

அந்தச் சுவர்தான் எல்லாமே. எந்த மண் அடுக்கு எந்தக் காலத்தது, எதற்குமேல் எது என்று மதாம் பெர்த்தோ வாரக்கணக்கில் துடைப்பமும் கத்தியுமாகச் சீவிச் சீவி, அடுக்குக்கு ஒரு சீட்டு எழுதி, ஆணியடித்து மாட்டியிருந்தாள். படத்தில் முதலில் காட்ட வேண்டியது அதைத்தான். இப்போது எல்லா அடுக்கும் ஒரே சாணி அடுக்கு!

"சீட்டெல்லாம் பத்திரமா இருக்குது. கீழ வுழுந்துடக் கூடாதுன்னு கழட்டி வச்சிட்டோம்" என்று தனக்கொடி ஒரு பித்தளைத் தாம்பாளத்தை நீட்டினாள். சீட்டுகள் அதில் வெற்றிலை பாக்கோடு குவிந்து கிடந்தன.

மதாம் பெர்த்தோ பக்கத்திலிருந்த மண்மேட்டில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். முசே ருவேல் தொப்பியைக் கழற்றினார்; மாட்டினார்; மறுபடி கழற்றினார். நாளைக் காலை அவர்கள் மெட்ராஸுக்குக் கிளம்பியாக வேண்டும். கப்பல் யாருக்காகவும் நிற்காது.

அருளானந்தம் ஜாடியை மெதுவாகக் கீழே வைத்தார்.

"குழிய மெழுவறதுக்கு இது இன்னா உங்க வூட்டு அடுப்பங்கரையா? யாரைக் கேட்டுப் பண்ணீங்க?"

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. அஞ்சலாட்சியின் முகத்துக் களை ஒரு நொடியில் வடிந்துவிட்டது.

"கோலம் இல்லாத வாசலக் காட்ட முடியுங்களா, மேஸ்திரி ஐயா? சாவு வூட்டுலதான் கோலம் போட மாட்டாங்க. ஒலகமே பாக்கப்போவுதுன்னு..." அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"ஒலகம் பாக்கும்னு ஒனக்கு யார் சொன்னது?"

"நான்தாங்க சொன்னேன்" என்றாள் ஆனந்தமேரி.

குழம்புச் சட்டியைக் கையில் பிடித்தபடியே அவள் முன்னால் வந்தாள்.

"ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சி இங்க வந்தேன். ஒலகம் பாக்கும்னு சொல்லல. ரோசா பாப்பான்னு சொன்னேன்."

யூஜின் அப்பாவின் முகத்தைப் பார்க்கவே பயந்தான். ஐந்து வருஷத்துக்குப் பிறகு, இத்தனை பேர் நடுவில், அந்தப் பெயர்!

அஞ்சலாட்சி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஆமாங்க. பொறந்த ஊர ஒரு பொண்ணு இத்தினி வருசம் கழிச்சி அங்கேருந்து பாக்கறப்ப, வெறுங்குழியாவா பாக்கணும்? அதான் மெழுகுனோம். தப்புன்னா எங்கள அடிச்சிடுங்க, ஐயா. அம்மாவ ஒண்ணும் சொல்லாதீங்க."

இவர்களில் ஒருத்திகூட ரோசாவைப் பார்த்ததில்லை. முகம் தெரியாத ஒரு பெண்ணுக்காக விடியும் முன் எழுந்து, நாலு வீட்டுத் தொழுவத்தில் சாணி அள்ளி, கல்யாணத்தன்று கட்டிய புடவையை எடுத்துக் கட்டிக்கொண்டு வந்திருக்கிறார்கள். ஆனந்தமேரிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. நன்றி சொல்ல வேண்டிய இடத்தில் இவர்களைத் திட்டு வாங்க வைத்துவிட்டோமே என்று வருந்தினாள்.

அருளானந்தம் மனைவியைப் பார்க்கவில்லை. மதாமிடம் போய், தன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு பிரெஞ்சில் ஏதோ கேட்டார்.

மதாம் பெர்த்தோ கன்னத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். நல்ல மனுஷி. குழிக்குள் இறங்கி, சாணிப் பூச்சை நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். பிறகு கையை விரித்து ஒரு சாண் காட்டிப் பேசினாள்.

"பூச்சு உள்ள எறங்கலயாம்" என்று யூஜின் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னான். "சொவர ஒரு சாண் உள்ள தள்ளிச் சீவுனா, அதே அடுக்கு அங்கயும் இருக்கும். ஒரு பக்கம் போதும்றாங்க. ஆனா வெளிச்சம் போறதுக்குள்ள முடிக்கணும்."

அருளானந்தம் வேட்டியை மடித்துக் கட்டினார்.

"இன்னா பாத்துகினு நிக்கறீங்க? பொடவயத் தூக்கிச் சொருவுங்க. கன்னியப்பா, கூடை எங்க?"

"பட்டு மண்ணாயிடுங்களே" என்றாள் தனக்கொடி.

"மண்ணானா கழுவிக்கலாண்டி, எறங்கு!" என்று அஞ்சலாட்சி முதல் ஆளாகக் குதித்தாள்.

* * *

அப்படி ஒரு வேலையை அந்த ஆற்றங்கரை பார்த்திருக்காது. கூறைப் புடவைப் பெண்கள் கூடை மாற்றினார்கள். யூஜின் சட்டையைக் கழற்றிவிட்டுச் சல்லடை பிடித்தான். ஆனந்தமேரியும் சும்மா இருக்கவில்லை. சட்டியை நிழலில் மூடி வைத்துவிட்டு வந்து மண் அள்ளினாள். சாப்பாட்டை யாரும் நினைக்கவில்லை. அது நிழலில் காத்துக் கிடந்தது.

சுவரைச் சீவும் வேலையை அருளானந்தமும் மதாமும் மட்டும் செய்தார்கள். மேலிருந்து கீழாக, கரணையைச் சாய்த்துப் பிடித்து, வெண்ணெய் வழிப்பது போல. பச்சைப் பூச்சு உதிர்ந்து விழ விழ, உள்ளே கறுப்பு, மஞ்சள், சாம்பல் என்று பழைய கோடுகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. தாம்பாளத்தை ஏந்திக்கொண்டு தனக்கொடி கூடவே நின்றாள். மதாம் கேட்கக் கேட்கச் சீட்டுகளை எடுத்துக் கொடுத்தாள்.

முசே ருவேல் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேமராக்காரரிடம் ஒரு விரலைச் சுழற்றினார். கேமரா ஓட ஆரம்பித்தது. ஒலி பிடிக்கிறவரும் தன் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டார். அருளானந்தம் அதைக் கவனிக்கவில்லை. வேலை என்று வந்துவிட்டால் அவருக்குப் பக்கத்தில் பீரங்கி வெடித்தாலும் தெரியாது.

சூரியன் தோப்புக்குப் பின்னால் சரிந்துகொண்டிருந்தபோது, ஜாடி இருந்த இடத்துக்குச் சற்றுக் கீழே, கரணை 'டிக்' என்றது.

அவர் கரணையைப் போட்டுவிட்டு விரலால் மண்ணைத் தள்ளினார். என்னவோ வந்து உள்ளங்கையில் விழுந்தது. எச்சில் தொட்டு வேட்டியில் துடைத்தார். நீலக் கண்ணாடி மணி. மிளகைவிடக் கொஞ்சம் பெரியது.

இந்தக் கரையில் மணி கிடைப்பது புதிதல்ல. மழை பெய்து ஓய்ந்தால் ஊர்ப் பிள்ளைகள் பொறுக்கி விளையாடுவார்கள். ரோசா சின்னப் பெண்ணாக இருந்தபோது, மராமத்து வேலையாக இந்தப் பக்கம் வரும் அப்பா அவளையும் சைக்கிளில் முன்னால் உட்கார வைத்துக் கூட்டிவருவார். அவர் பொறுக்குவார், அவள் கோர்ப்பாள். கோர்க்க வேண்டுமென்றால் ஓட்டை அடைபடாமல் இருக்க வேண்டும். அதனால் ஒவ்வொரு மணியையும் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்து, வெயிலுக்குக் காட்டி, ஓட்டை வழியாகப் பார்த்துவிட்டுத்தான் கொடுப்பார்.

கைக்கு அந்தப் பழக்கம் மறக்கவில்லை. அருளானந்தம் எழுந்து நின்றார். மணியை இரண்டு விரலால் தூக்கி, சாயங்கால வெயிலுக்கு எதிரே, கண்ணோடு சேர்த்துப் பிடித்தார். முகம் முழுக்க வெயில் விழுந்தது. பல் தெரியச் சிரித்தார்.

"ரோசா! ஓட்டை இருக்குதும்மா!" என்று கூவினார்.

கூடைகள் அப்படியப்படியே நின்றன.

தான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே தெரியவில்லை. எல்லோரும் ஏன் இப்படிப் பார்க்கிறார்கள் என்று திரும்பினார். மண் அப்பிய கையால் வாயைப் பொத்திக்கொண்டு ஆனந்தமேரி நின்றிருந்ததைப் பார்த்தார். அப்புறம்தான் தெரிந்தது. தூக்கிய கையை இறக்கவும் மறந்து, மனிதர் அப்படியே நின்றார். கண்ணிலிருந்து தண்ணீர் கோடாக இறங்கியது. துடைத்துக்கொள்ளவில்லை.

கேமரா ஓடிக்கொண்டே இருந்தது.

* * *

ஜாடியைத் திரும்பப் புதைத்து எடுக்கும் காட்சியே வேண்டாம் என்று முசே ருவேல் சொல்லிவிட்டார். இதைவிட நல்லது கிடைத்துவிட்டதாம். அந்த மட்டில் அருளானந்தம் கூத்தாடியாகாமல் தப்பினார்.

மணியை அவர் மதாமின் கையில் கொடுத்தார். அது அவள் பெட்டிக்குச் சேர வேண்டியது. அதில் அவருக்குச் சந்தேகம் கிடையாது. பிறகு நேரே அஞ்சலாட்சியிடம் போனார். அவள் திட்டு வரப்போகிறது என்று நினைத்து ஒதுங்கி நின்றாள்.

"ஏம்மா, நீ மட்டும் மெழுவாம இருந்தா, நாங்க அந்தச் சொவத்துல கைய வச்சிருக்கவே மாட்டோம். மணி உள்ளயே கெடந்திருக்கும்." கையெடுத்துக் கும்பிட்டார். "நல்லா இருங்க. நாலு பேரும் நல்லா இருங்க."

"ஐயையோ, நீங்க போய் எங்களக் கும்புடுறீங்களே" என்று அஞ்சலாட்சி பதறினாள். பதறினாளே தவிர, போன களையெல்லாம் முகத்துக்குத் திரும்பிவிட்டது.

ஆனந்தமேரி அவளை மண்ணும் சாணியுமாகக் கட்டிக்கொண்டாள். அருமையான கூறைப் புடவை இரண்டாம் தடவையும் நாசமாயிற்று. யாருக்கும் கவலை இல்லை.

பசி அப்போதுதான் எல்லோருக்கும் ஞாபகம் வந்தது. முசேயும் மதாமும் பெண்களும் கன்னியப்பனும் குழி ஓரத்தில் ஒன்றாக உட்கார்ந்து, ஆறிப்போன மீன் குழம்பை ஊற்றிச் சாப்பிட்டார்கள். ஆனந்தமேரி பரிமாறிக்கொண்டே மனசுக்குள் மாதாவுக்கு நன்றி சொன்னாள். மாதாவுக்கு, சாணிக்கு, மாட்டுக்கு, மெட்ராஸில் கேமராவைத் தடுத்து வைத்த புண்ணியவானுக்கு, எல்லோருக்கும் சொன்னாள்.

அருளானந்தம் அவள் பக்கம் குனிந்தார். "கமலவேணி சொன்னாளே, அந்தப் பொட்டி. அதுல சத்தமும் கேக்குமா?"

அப்படியானால் அன்றைக்கு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் உள்ளே வந்திருக்கிறார்!

"கேக்குங்க. ரேடியோ மாதிரியே கேக்குமாம்" என்றாள் ஆனந்தமேரி.

முசே ருவேல் விரலைத் துடைத்துக்கொண்டு யூஜினிடம் பேசினார். யூஜின் அம்மாவுக்குச் சொன்னான்.

"ஈஸ்டர் கழிச்சிக் காட்டுவாங்களாம். ஆனா எந்த நாள், எத்தினி மணின்னு அக்காவுக்கு எப்படித் தெரியும்னு கேக்கறாரு. வெலாசம் குடுத்தா, அவரே முன்கூட்டி எழுதிப் போடறாராம்."

ஆனந்தமேரியின் கையில் இருந்த கரண்டி நின்றுவிட்டது. விலாசம்! கிடைத்ததையெல்லாம் நினைத்துக் குளிர்ந்து போயிருந்தவளுக்கு, கிடைக்காத ஒன்று அப்போதுதான் உறைத்தது. துலோன் எவ்வளவு பெரிய ஊரோ! அதில் எத்தனை காப்பிக் கடையோ! கமலவேணி காரைக்காலிலிருந்து அப்படியே கப்பலுக்குப் போயிருப்பாள். அம்மாவும் மகனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

தண்ணீர்க் குடத்தருகே, முதுகைக் காட்டிக்கொண்டு கை கழுவ உட்கார்ந்திருந்த அருளானந்தம் திரும்பாமலே பேசினார்.

"நம்பர் பன்னெண்டு, ரூ தெ ரம்பார், துலோன்."

முசே ருவேல் பேனாவை எடுத்தார்.

"மூணாவது மாடி. எடப்பக்கக் கதவு. வலப்பக்கம் தட்டுனா ஒரு கெழவி வந்து கத்துவா. எடப்பக்கம்னு எழுதிக்கச் சொல்லு."

முசே ருவேல் எழுதிக்கொண்டார். ஐந்து வருஷமாக மகள் பெயரைக்கூட நாக்கில் வைக்காத மனிதருக்கு, அவள் கதவு எந்தப் பக்கம் என்பது எப்படித் தெரிந்தது? யார் சொன்னார்கள்? எப்போது? யூஜின் கேட்க வாயைத் திறந்துவிட்டான்.

ஆனந்தமேரி அவன் கையைப் பிடித்து அழுத்தினாள். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனாலும் இவ்வளவு கொடுத்த மனிதரிடம் ஒரே நாளில் அத்தனையும் கேட்கக் கூடாது. அவள் எழுந்து போய், குடத்திலிருந்து ஒரு செம்பு மொண்டு, புருஷன் கைக்குத் தண்ணீர் ஊற்றினாள்.